பத்து எண்ணும் வரை

ஜூன் 4, ஞாயிறு

ஹெப்ஸியை வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு நாள் ஆகிறது. பிரஷர், மாத்திரை நேரம், சாப்பாடு, வெளிக்குப் போனது, போகாதது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் மலச்சிக்கல் மருந்து விளம்பரம். என் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான பத்திரிகை அமையாது.

முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். நிரப்பினேன்.

நோயாளி: ஹெப்சிபா. வயது 51. நோய்: பக்கவாதம். வலது கை, வலது கால். பேச்சு இல்லை.
கவனித்துக்கொள்பவர்: ஜெபநேசன். வயது 54. உறவு: கணவர். தொழில்: வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் எழுதுவது. புனைபெயர் ‘உளறுவாயன்’. நோய்: மேற்படி புனைபெயரே.

காலை பிரஷர் 150/90. இட்லி ஒன்றே முக்கால். மீதிக் கால் இட்லியை நான் சாப்பிட்டேன். அதையும் எழுத வேண்டுமா, தெரியவில்லை.

நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வெளியே வரும் பாதைதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். “ம்” மட்டும் வருகிறது. அந்த “ம்”மை எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். பதினொன்று.

ஜூன் 6, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை என்பது பன்னிரண்டாவது “ம்”.

ஜூன் 9, வெள்ளி

ஹெப்ஸியின் அக்கா ஐவி வந்திருக்கிறார். ஸ்கூலில் பிரின்சிபாலாக இருந்து ரிட்டையர் ஆனவர், ஸ்கூலுக்குத்தான் ரிட்டையர்மென்ட். வந்ததும் சமையலறையைப் பார்த்தார். “தம்பி, இங்க என்ன கலவரமா நடந்துச்சு?” என்றார். என்னைக் கண்டால் அவருக்கு என்றுமே ஆகாது. காரணம் எனக்குத் தெரியாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அக்கா, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய சர்ச் ஞானப்பாட்டை முணுமுணுத்தார். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஹெப்ஸி. “ம்” இல்லை. சொற்கள். ஒரு சொல்கூடப் பிசகாமல் நாலு சரணம்.

நான் கையில் கரண்டியோடு வாசலில் நின்றேன். பாட்டு முடிந்ததும் ஓடிப் போய், “ஹெப்ஸி, பேசிட்டியே, இன்னொன்னு சொல்லு, என் பேரைச் சொல்லு, ஜெபநேசன்னு சொல்லு, இல்ல வெறும் நேசன்னு சொல்லு, அதுவும் கஷ்டம்னா...” என்று கொட்டினேன். அவள் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

“உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க தம்பி” என்றார் அக்கா. சாம்பார் தீய்ந்துவிட்டது.

ஜூன் 12, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க சுமையா என்று ஒரு பெண் வாரம் மூன்று நாள் வருகிறது. இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டர், பெரிய பை, அதைவிடப் பெரிய பொறுமை. பாட்டு வந்த கதையைக் கேட்டதும் அது முகம் மலர்ந்தது. பேச்சுக்கு மூளையில் ஒரு பக்கம், பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உதவிக்கு வருமாம். அதனால் கேள்வியை ராகம் போட்டுப் பாட வேண்டும். பதிலும் ராகத்தில் வரலாம்.

“என்ன வேஏ...ணும்?” என்று சுமையா பாடிவிட்டு, ஹெப்ஸியின் இடது கையைத் தொடையில் மெல்லத் தட்டி நிறுத்தியது. பிறகு சும்மா இருந்தது. வெறுமனே. நான் தவித்துப் போய், “காப்பி வேணுமாம்” என்றேன்.

“சார், நீங்க பேசக் கூடாது. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அந்த இடம் அவங்களுக்கு விட்ட இடம்.”

எட்டாவது எண்ணிக்கையில் ஹெப்ஸி பாடினாள். “தண்...ணி.”

நான் நாலாவதிலேயே காப்பி போட எழுந்து போயிருந்தேன்.

ஜூன் 15, வியாழன்

என்னால் எண்ண முடிந்தது: மூன்று. நேற்று இரண்டரை. முன்னேற்றம்.

ஜூன் 20, செவ்வாய்

பெண்கள் கல்லூரி இசை மன்றத்திலிருந்து பேராசிரியை கோமளவல்லி பேசினார். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஹெப்ஸி அங்கே ஜாஸ் இசையைப் பற்றிப் பேசி, பியானோவும் வாசிப்பதாக ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாளாம். விஷயம் கேள்விப்பட்டோம், ரொம்ப வருத்தம், நிகழ்ச்சியை ரத்து செய்துவிடுகிறோம் என்றார்.

எனக்கு அது செய்தி. என் மனைவி பத்தொன்பது வருடமாக நாலு பேர் முன்னால் பியானோ தொட்டதில்லை. மணிக்கட்டு வலி. வீட்டில் மட்டும், அதுவும் ஞாயிறு மதியம் நான் தூங்கும்போது வாசிப்பாள். அவள் எதற்கு ஒப்புக்கொண்டாள்?

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ‘ரத்து’ என்று கேட்டதும் ஹெப்ஸி இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தாள். ஒரே அடி. இது “ம்” பட்டியலில் இல்லாதது.

“ரத்து பண்ணாதீங்க மேடம். அவ எழுதி வெச்சிருப்பா. நான் வாசிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஜாஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம், மெட்டை மறந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து சமாளிப்பது. அதைக்கூட ஒரு தடவை பத்திரிகையில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 23, வெள்ளி

பியானோ ஸ்டூலின் மூடியைத் தூக்கினால் உள்ளே நோட்டு. முப்பது நாப்பது பக்கம் எதிர்பார்த்தேன். எட்டே பக்கம். தமிழில், நுணுக்கி எழுதியிருக்கிறாள்.

ஹெப்ஸியின் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் நடனத்துக்கு ஆங்கிலோ இந்தியர்களோடு சேர்ந்து பியானோ வாசிப்பார். கையில் கிரீஸ் வாடை போகாமலே வாசிப்பார் என்பாள். அவரிடமிருந்து வந்தது இது. பெண் பார்க்கப் போன அன்று இவள் வாசித்துக் காட்டியபோது, கேசரிக்குத் துணையாக ஏதோ ஓடுகிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் பக்கம்: அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுக ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளுக்கு அங்கே ஞாயிறு மதியம் மட்டும் ஒரு மைதானத்தில் கூடி ஆடவும் பாடவும் அனுமதி உண்டு. அவள் எழுதியிருப்பது: ‘அவர்களிடமிருந்து ஊரைப் பிடுங்கினார்கள். பெயரையும் பேச்சையும் பிடுங்கினார்கள். பாட்டை எந்தப் பக்கமாகப் பிடித்து இழுப்பது என்று மட்டும் தெரியவில்லை. பாட்டு உள்ளேயே இருந்துகொண்டது.’

இதை ஏப்ரலில் எழுதியிருக்கிறாள். நோட்டை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

ஜூன் 25, ஞாயிறு

இரண்டு, மூன்று, நாலாம் பக்கம் படித்தேன். மாணவிகளுக்குப் புரிய வேண்டுமென்று எல்லாவற்றுக்கும் நம்ம தெருவிலேயே உதாரணம் தேடியிருக்கிறாள்.

வயலிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தவர்கள் ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். அழைப்பு, பதில். அதுதான் அஸ்திவாரம். பாரம் தூக்கும் தொழிலாளிகள் இங்கே ‘ஐலசா’ போடுவதில்லையா, அதுதான்.

அப்புறம் ‘ப்ளூஸ்’ என்ற சோகப் பாட்டு. அதில் ஒரு வளைந்த சுரம். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டை கிடையாது. இரண்டு கட்டைக்கு நடுவே எங்கேயோ இருக்கிறது. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் சேர்த்து நசுக்கி அதன் சாயலைக் காட்டுவார்கள். ‘நம் தெருவில் கீரைக்காரம்மா கூவும்போது கடைசியில் குரல் ஒரு பள்ளத்தில் இறங்குமே, அந்தப் பள்ளம்.’

தாளம்: விழ வேண்டிய இடத்தில் விழாது. கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விழும். ‘மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைக்கிறோமே, அப்போது வயிற்றில் ஒன்று நடக்கும். அது.’ கைதட்டுவதும் ஒன்றிலும் மூன்றிலும் இல்லை, ரெண்டிலும் நாலிலும்.

ரெண்டிலும் நாலிலும் தட்டிப் பார்த்தேன். தொடை சிவந்தது, தாளம் வரவில்லை. கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ஹெப்ஸி சிரிக்கிறாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஆனால் சிரிப்பு.

இருபத்தாறு வருடத்தில் நான் அவளைச் சிரிக்க வைத்தது இதுதான் முதல் தடவையோ என்று ஒரு எண்ணம். அந்த வரியை அடித்துவிட்டேன். டைரியில் அசட்டுத்தனமாக எழுதக் கூடாது.

பிரஷர் 140/85. ஆறாம் பக்கத்தில் காப்பிக் கறை. படிக்க முடியவில்லை.

ஜூலை 1, சனி

ஆசிரியர் பாலகுரு போன் செய்தார். ஐந்து வாரமாகக் கடைசிப் பக்கத்தில் சமையல் குறிப்பு போட்டு ஒப்பேற்றுகிறாராம். “உங்க வீட்டு நிலைமை தெரியும் சார். ஆனா வாசகர்கள் அம்மணி எங்கேன்னு கேக்கறாங்க.”

அம்மணி என்பது என் பக்கத்தில் வரும் மனைவி. கட்டை விரலால் தோசை திருப்புவாள், கணவனைக் கரண்டியால் திருத்துவாள், ஓயாமல் பேசுவாள், பியானோவைப் போட்டு உடைப்பாள். ஹெப்ஸி இதில் எதையும் செய்ததில்லை, பியானோ வாசித்ததைத் தவிர. ஆனால் அமைதியான பெண்டாட்டியை வைத்து யார் பத்திரிகை நடத்துவது.

பரவாயில்லை, ஆண்டு மலருக்குப் பழைய பக்கங்களில் சிறந்த ஒன்றை எடுத்துப் போடுகிறேன் என்றார். எது என்று கேட்டேன்.

“‘வரம்’ சார். நீங்க எழுதினதுலயே அதிகக் கடிதம் வந்தது அதுக்குத்தான்.”

‘என் மனைவி ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் தாயே’ என்று ஆரம்பிக்கும். நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபைக்காரன், வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் எனக்கு வழக்கம் இல்லை என்று எந்த வாசகரும் கண்டுகொள்ளவில்லை.

அதை எடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டனவாம்.

மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் ரசிகர். அவருக்கு வீட்டு விஷயம் தெரியாது. மாத்திரையைக் கவரில் போட்டபடி, “என்ன சார், வேளாங்கண்ணி போயாச்சா?” என்றார். வழக்கமாகக் கேட்பதுதான். நானும் வழக்கம் போலச் சிரித்தேன். பழக்கம்.

ஜூலை 5, புதன்

கல்லூரிக்குப் பேச்சு எழுதி முடித்தேன். ஹெப்ஸி எழுதியது வறட்சியாக இருக்குமோ என்று நடுநடுவே நம்ம சரக்கைக் கலந்தேன். ‘அழைப்பு, பதில் என்பது ஜாஸில் மட்டுமல்ல, என் வீட்டிலும் உண்டு, அழைப்பு அம்மணியுடையது, பதில் பூரிக்கட்டையுடையது’ என்ற மாதிரி. எனக்கே சிரிப்பு வந்தது.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூரிக்கட்டை வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்தைத் திருப்புவது அவளுக்கு இன்னும் வலிக்கும். வலியோடு திருப்பினாள்.

சுமையா வந்தபோதுதான் இந்தப் பக்கம் திரும்பினாள். சுமையாவிடம் “சாப்...டியா?” என்று பாடிக் கேட்கிறாள். அக்காவிடம் “போ...தும்” என்கிறாள். நேற்று கீரைக்காரம்மாவிடம் ஜன்னல் வழியாக “நா...ளைக்கு” என்றாள். என்னிடம் “ம்”.

பன்னிரண்டு “ம்”மையும் எனக்கே ஒதுக்கிவிட்டாள். ஒரு விதத்தில் பெருமை.

ஜூலை 9, ஞாயிறு

எண்ண முடிந்தது: ஆறு. ஏழாவதில் “குடை மிளகாய் வேணுமா” என்று கேட்டுவிட்டேன். ஏன் குடை மிளகாய் என்று எனக்கே தெரியாது. வீட்டில் குடை மிளகாயும் கிடையாது.

ஜூலை 14, வெள்ளி

நான் வெங்காயம் உரிக்கிறேன், அக்கா நறுக்குகிறார். எல்லாரிடமும் பாடுகிறாள், என்னிடம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். வெங்காயத்தை நம்பித்தான் கேட்டேன். கண் கலங்கினால் காரணம் கையிலேயே இருக்கிறது.

அக்கா கத்தியை வைத்தார். “மணிக்கட்டு வலின்னு ஊருக்குச் சொன்னீங்க. உங்களுக்குமா அது மணிக்கட்டு வலி?”

எனக்குப் பதில் இல்லாமல் போனதை அக்கா முதல் தடவையாகப் பார்க்கிறார். கொஞ்சம் பயந்துவிட்டார் போல. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

எழுதிவிடுகிறேன். மலச்சிக்கல் மருந்து விளம்பரத்துக்கு மேலே எழுதுவதற்கு இதுவும் ஏற்ற விஷயம்தான்.

பத்தொன்பது வருடம் முன்னால் இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழாவில் ஹெப்ஸி தனியாக வாசிக்க ஏற்பாடு. அவள் அப்பா வாசித்த அதே மேடை, அதே பியானோ. மூன்று மாதம் பழகினாள். நான் அந்த வாரம் என் பக்கத்தில் அம்மணியின் பியானோ பயிற்சியைப் பற்றி எழுதினேன். தகரக் கொட்டகை மேல் தேங்காய் உதிர்வது போல, தெரு நாய்கள் வீடு மாறிப் போயின, இப்படி. விழாவில் அறிவிப்பாளர் அவளை மேடைக்கு அழைக்குமுன் அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார். நானூறு பேர் சிரித்தார்கள். அவள் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வந்தாள், உட்கார்ந்தாள், ஒரு பிசகு இல்லாமல் வாசித்தாள், மூடியைச் சாத்தினாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசி வரை எங்கே தேங்காய் விழும் என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 15, சனி

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அறிவிப்பாளரிடம் கொடுத்தது நான்.

ஜூலை 20, வியாழன்

ஆண்டு மலர் தபாலில் வந்தது. ‘வரம்’ நாற்பத்திரண்டாம் பக்கம், படத்தோடு. அம்மணியின் வாயில் பெரிய பிளாஸ்திரி ஒட்டி வரைந்திருக்கிறார்கள். அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன்.

ஜூலை 22, சனி

மூளை உள்ளவன் சமைக்கிற வீட்டில் அரிசிக்குள் ஒளிப்பானா. அக்கா அரிசி எடுக்கப் போய் எடுத்துவிட்டார். துடைத்துப் பியானோ மேல் வைத்தார், ஹெப்ஸிக்குக் கட்டிலிலிருந்து நேரே தெரிகிற மாதிரி. அவள் இடது கையை நீட்டிக் கேட்டாள். கொடுத்தார். அவள் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் கொடியில் துணி எடுக்கப் போனேன். துணி இன்னும் காயவில்லை. எடுத்துக்கொண்டு வந்து மறுபடி கொண்டுபோய்ப் போட்டேன்.

ஜூலை 24, திங்கள்

ஆறாம் பக்கத்தில் காப்பிக் கறை இல்லை. முதல் நாளே படித்துவிட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன்:

‘தனி வாசிப்பு. ஒருவர் எழுந்து தனியாக வாசிப்பார். அந்த நேரத்தில் அவர் மனதில் தோன்றுவதுதான் இசை, எழுதி வைத்ததில்லை. மற்றவர்கள் நிறுத்திவிட மாட்டார்கள். அடியில் மெல்ல வாசித்து அவரைத் தாங்குவார்கள். அவர் எங்கே போனாலும் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். கேட்பவர்கள் அவருக்குக் கைதட்டுவார்கள். அடியில் இருப்பவர்களின் வாசிப்பு காதில் விழாதது போல இருக்கும், ஆனால் அவர்கள் நிறுத்தினால்தான் தெரியும். என் கணவர் நல்ல தனி வாசிப்பாளர். இருபத்தாறு வருடமாக நான் அடியில் வாசிக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஜாஸில் ஒரு விதி உண்டு. முறை மாறும். முடித்தவர் ஒதுங்கி நின்று அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.’

அதற்குக் கீழே, வேறு மையில்: ‘இதைச் சொல்லும்போது அவர் சபையில் இருக்க வேண்டும். முன் வரிசையில் உட்காரச் சொல்ல வேண்டும்.’

அதற்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 2, புதன்

பூரிக்கட்டையையும் அம்மணியையும் அடித்துவிட்டு அவள் எழுதியதை அப்படியே நகல் எடுத்தேன். எட்டுப் பக்கம். என் சொந்தச் சொல் ஒன்றுகூட இல்லாமல் நான் எழுதிய முதல் கட்டுரை. நன்றாக இருக்கிறது.

சுமையாவும் அக்காவும் ஹெப்ஸியைச் சக்கர நாற்காலியில் பியானோ பக்கம் கொண்டுபோனார்கள். வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. இடது கையை வைத்தாள். பழைய ‘ராக்டைம்’ பாணியில் இடது கைதான் கடிகாரமாம், நோட்டில் இருக்கிறது: இடது கை நேராக நடக்கும், வலது கை அதன் மேல் தடுக்கித் தடுக்கி விளையாடும். இப்போது கடிகாரம் மட்டும் ஓடிற்று. கீழே ஒரு சுரம், மேலே ஒரு கொத்து. கீழே, மேலே. பிறகு வலது கையைப் பார்த்தாள். அழைத்துவிட்டுக் காத்திருப்பது மாதிரி.

நான் எண்ணினேன். பத்து வந்தது, பதினைந்து வந்தது. அந்தக் கை பதில் சொல்லவில்லை.

பிரஷர் 150/95. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கல்லூரி அரங்கில் இருநூறு பெண்கள். ‘உளறுவாயன் வந்திருக்கார்’ என்று பின்னால் குசுகுசுப்பு, முன்கூட்டியே சிரிப்பு. ஹெப்ஸி மேடையில், பியானோ முன்னால், நாற்காலியில். பச்சைப் புடவை, அக்கா கட்டிவிட்டார். பேராசிரியை கோமளவல்லி என்னை ‘நகைச்சுவைத் திலகம்’ என்று ஆரம்பித்தார். நான் மைக்கை வாங்கி, “இன்னிக்கு நான் வெறும் வாய்தான் மேடம். பேசறது இவங்க” என்று ஹெப்ஸியைக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். என் தலையெழுத்து.

வாசித்தேன். ஞாயிறு மதிய மைதானம் வந்ததும் அரங்கு அமைதியானது. கீரைக்காரம்மாவுக்குச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. ரெண்டிலும் நாலிலும் தட்டச் சொன்னேன். இருநூறு பேரும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் மூன்றில் தட்டினேன். நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் கல்லறை வரை மெதுவாக வாசித்துப் போய், திரும்பும்போது ஆட்டம் போட வைப்பார்கள் என்று ஐந்தாம் பக்கம். அதில் அவள் எழுதியிருந்த கடைசி வரி: ‘அழுது முடித்தவர்களுக்குத்தான் திரும்பி வரும் பாட்டு.’

ஏழையும் எட்டையும் முன்னதாக வாசித்துவிட்டு, கடைசிக்கு வைத்திருந்த ஆறாம் பக்கத்தை எடுத்தேன்.

“இந்தப் பக்கத்துல ஒரு ஆள் வர்றான். அவனை முன் வரிசையில உட்கார வைக்கணும்னு எழுதியிருக்காங்க. வேற ஆள் கிடைக்காததால அவனே வாசிக்கிறான்” என்றேன். சிரிப்பு வரப் பார்த்தது. நான் சிரிக்கவில்லை. நின்றுவிட்டது.

முழுதும் வாசித்தேன். குரல் எங்கே உடைந்தது என்று எழுத மாட்டேன்.

“முறை மாறுது” என்று முடித்தேன். மைக்கை ஸ்டாண்டில் வைத்தேன். படியிறங்கி முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எண்ணினேன். பத்தில் ஒரு பெண் செருமினாள். பதினெட்டில் பேராசிரியை நிலைமையைச் சமாளிக்க எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கும் வாய் வரைக்கும் வந்துவிட்டது, இருநூறு பேரைச் சிரிக்க வைக்க ஒரு வரி, நல்ல வரி. விழுங்கினேன். முப்பத்தொன்றில் ஹெப்ஸி கையைத் தூக்கினாள்.

இடது கை மட்டும். கீழே ஒரு சுரம், மேலே ஒரு கொத்து. நிதானமாக நடந்தது. வலது கைக்கு உரிய இடங்களை அவள் நிரப்பவில்லை, அவசரப்பட்டுத் தாண்டவும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அந்த அளவு நேரம் விட்டாள். இல்லாத அந்தக் கையைத்தான் எல்லாரும் கேட்டோம். பத்தொன்பது வருடம் முன்னால் அவள் வாசித்ததும் இதே பாட்டு. அன்று இரண்டு கையாலும் வாசித்தாள். அன்று நான் கேட்கவில்லை. இனி அதைக் கேட்க வழியில்லை.

நடுவில் எங்கோ ஒரு பெண் தட்ட ஆரம்பித்தாள், ரெண்டிலும் நாலிலும், மெதுவாக, தாங்குகிற மாதிரி. அப்புறம் எல்லாரும்.

முடித்ததும் மூடியைச் சாத்தவில்லை. திறந்தே விட்டாள்.

ஆகஸ்ட் 12, சனி

பிரஷர் 140/90. இட்லி இரண்டு. முழுதாக இரண்டு.

அக்கா மார்க்கெட் போயிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரை வந்திருந்தது. நான் ஹெப்ஸியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலையிலேயே பாலகுருவுக்குப் போன் செய்து, கடைசிப் பக்கம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அவளிடம் சொன்னேன். சமையல் குறிப்பே நன்றாகப் போகிறதாம் என்றும் சொன்னேன். “ம்” என்றாள். புதிது, பதின்மூன்றாவது.

பிறகு சுமையா சொல்லிக்கொடுத்த மெட்டில், என் கழுதைக் குரலில், ரெண்டு மாதமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“என் மே...ல கோ...வமா?”

அவள் இடது கையை எடுத்து என் தொடையில் வைத்துக்கொண்டேன். எண்ணினேன். ஒன்று. இரண்டு. கீரைக்காரம்மா தெரு முனையில் கூவினாள். நாலு. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. ஆறு. பால் வழிந்து அடுப்பு அணைந்தது. எட்டு. அவள் உதடு அசைந்தது. ஒன்பது.

“ஆ...மா” என்று பாடினாள்.

முதல் எழுத்தில் நின்று, இரண்டாவதில் இறங்கினாள். பியானோவில் கட்டை இல்லாத அந்தச் சுரம். நசுக்காமலே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் சொல்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. சமாதானம் இருந்தது, மன்னிப்பு இருந்தது, சிரிப்புக்கூட ஒன்று இருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். வாய் இன்னும் மூடவில்லை. அடுத்த சொல் உள்ளே எங்கோ பாதை தேடிக்கொண்டிருந்தது.

நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.